மீர்பூர் காஸ்: மாம்பழ நகரமும் அதன் ஹாரிகளும்

சிந்து என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் காட்சிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று மொகஞ்சதாரோவின் செங்கல் வீதிகள். மற்றொன்று, நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதியாக வந்து நம் நகரங்களின் கடைவீதிகளில் தன் முயற்சியால் நிலைபெற்றுவிட்ட சிந்தி வணிகர். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய நகரத்திற்கும் நேற்றைய வணிகருக்கும் நடுவே, அந்த மண்ணை இடைவிடாமல் உழுதுகொண்டிருந்த மனிதர் நம் கண்ணில் படுவதேயில்லை. அவருக்குச் சிந்தி மொழியில் ‘ஹாரி’ என்று பெயர். ‘ஹர்’ என்றால் ஏர். ஹாரி என்பவர் ஏர்க்காரர். ஆனால் ஏர் அவருடையது என்பதால் நிலமும் அவருடையது என்று எண்ணிவிடக் கூடாது. பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுகிறவர் என்பதே நடைமுறையில் அச்சொல்லின் பொருள்.

அந்த ஹாரிகளின் ஊர் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மீர்பூர் காஸ். (தெலங்கானாவின் தலைநகரை நினைக்க வேண்டாம், சிந்து நதிக்கரையில் இன்னொரு ஹைதராபாத் உண்டு.) மீர்பூர் காஸைக் கடந்து மேலும் கிழக்கே போனால் அக்பர் பிறந்த உமர்கோட் வரும். அதற்கப்பால் தார்ப் பாலைவனத்தின் மணல்மேடுகள். ஆற்று நீருக்கும் பாலைக்கும் இடைப்பட்ட வாசற்படியில் நிற்கும் ஊர் என்று இதைச் சொல்லலாம். பாகிஸ்தானியர் இதனை மாம்பழ நகரம் என்பார்கள்.

ஊரின் வரலாற்றை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. மீர்பூர் காஸை ஒட்டி ‘காஹு ஜோ தரோ’ என்றொரு மேடு இருக்கிறது. செங்கலுக்காகப் பலரும் தோண்டிச் சிதைத்தது போக எஞ்சியிருந்த அம்மேட்டை 1909-10இல் தொல்லியல் துறையைச் சேர்ந்த ஹென்றி கசின்ஸ் அகழ்ந்தபோது, ஒரு பௌத்தத் தூபியின் அடித்தளமும், தாதுப் பேழையும், குப்தர் காலச் சாயல் கொண்ட சுடுமண் புத்தர் உருவங்களும் வெளிப்பட்டன. அப்போது சிந்து பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்ததால் அச்சிற்பங்களில் பல பம்பாய்க்குப் போயின. மும்பை அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். கையில் தாமரையுடன் நிற்கும் ஒரு கொடையாளியின் சுடுமண் உருவம் அவற்றுள் பெயர்பெற்றது. செல்வந்தர் ஒருவர் தூபிக்குக் கொடையளிக்கும் அளவுக்கு அன்றே இங்கே விளைச்சலும் வணிகமும் இருந்தன என்பதற்கு அவ்வுருவமே சான்று. கொடையாளியின் முகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்காக உழுதவர்களின் முகம் கிடைக்கவில்லை. இவ்வூரின் வரலாறு நெடுகிலும் இப்படித்தான்.

இன்றைய நகரம் 1806இல் மீர் அலி முராத் தால்பூர் நிறுவியது. தால்பூர்கள் பலூச்சி வம்சத்தவர். 1783இல் கல்ஹோரா ஆட்சியாளர்களை வென்று சிந்துவைத் தமதாக்கிக்கொண்டபின், நாட்டைத் தம் குடும்பத்தின் மூன்று கிளைகளுக்குப் பிரித்துக்கொண்டார்கள். ஹைதராபாத், கைர்பூர், மீர்பூர் காஸ் என்பன அம்மூன்றின் தலைநகரங்கள். மூன்றில் இதுவே சிறியது. மீர்கள் வேட்டைப் பிரியர்கள். ஆற்றோரக் காடுகளை வேட்டைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே சித்தோரியில் இருக்கும் அவர்களது கல்லறை மாடங்களைப் பார்த்தால், மஞ்சள் கல்லில் செதுக்கிய தூண்களும் மலர்க்கொடிகளும் ராஜஸ்தானத்துச் சிற்பிகளின் கையை நினைவூட்டும்.

1843 பிப்ரவரி 17இல் மியானியில் சார்லஸ் நேப்பியரிடம் ஹைதராபாத் மீர்கள் தோற்றார்கள். மீர்பூர் காஸின் மீர் ஷேர் முகம்மது பணியவில்லை. மார்ச் 24இல் ஹைதராபாத்தை அடுத்த துப்போவில் மீண்டும் ஒரு போர் நடந்தது. அதிலும் தோல்வி. ஆப்பிரிக்க வழிவந்த ஹோஷ் முகம்மது ஷீதி என்ற படைத்தலைவர் அங்கேதான் வீழ்ந்தார். சிந்திகள் இன்றும் போற்றும் வீரர் அவர். போரைப் பற்றி எழுதியவர்கள் பலர். போருக்குப் பின் நடந்த ஒரு சிறிய நிர்வாகச் செயலையே நான் இங்கே முக்கியமாகக் கருதுகிறேன். மியானிப் போர் நடந்த அந்தப் பிப்ரவரி 17 அன்று யார் கையில் எந்த ஜாகிர் நிலம் இருந்ததோ, அவர் ஆங்கில அரசுக்குப் பணிந்து வணக்கம் செலுத்தினால் அது அவருக்கே உறுதி செய்யப்படும் என்றார் நேப்பியர். 1844 மே 24, விக்டோரியா அரசியின் பிறந்தநாளன்று, சிந்துவின் நிலக்கிழார்கள் வரிசையாக வந்து வணங்கித் தம் நிலங்களைத் தக்கவைத்துக்கொண்டார்கள். நாடு கைமாறியது, நில உரிமை இருந்த இடத்திலேயே இருந்தது. நேற்று இந்நிலம் யாருடையது என்ற கேள்வியை மட்டுமே புதிய அரசு கேட்டது. நேற்று இதை உழுதவர் யார் என்ற கேள்வி எழவேயில்லை. இவ்வூரின் வரலாற்றில் இதே காட்சி மேலும் மூன்று முறை திரும்பி வரும்.

ஆனால் நிலம் என்றால் எந்த நிலம்? மழை மிகக் குறைவான நாடு இது. நீரில்லாத இடத்தில் மண்ணுக்கு மதிப்பில்லை. சிந்து நதி பழங்காலத்தில் கிழக்கே அனுப்பிய ஒரு கிளையின் தடம் என்று கருதப்படும் நாரா, வெள்ளம் வரும் ஆண்டுகளில் மட்டும் உயிர்பெறும் வறண்ட படுகையாகக் கிடந்தது. 1859இல் ரோஹ்ரிக்கு அருகே ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டி நாராவுக்கு நீர் விட்டார்கள். 1899இல் நாராவிலிருந்து ஜம்ராவ் கால்வாய் பிரிந்து மீர்பூர் காஸ் பக்கம் வந்தது. ஊரின் உண்மையான பிறப்பு இதுதான் என்பது என் எண்ணம். மீர்கள் கட்டியது ஒரு கோட்டையை; ஜம்ராவ் கட்டியது நகரத்தை.

கால்வாய்க்குச் சற்று முன்னதாகவே, 1892இல், ஹைதராபாத்திலிருந்து ஷாதிபள்ளி வரை இவ்வூர் வழியாக ரயில் வந்துவிட்டது. 1901இல் அதை மீட்டர் பாதையாக மாற்றி ஜோத்பூர்ப் பாதையுடன் இணைத்தார்கள். 1906இல் தார்பார்க்கர் மாவட்டத்தின் தலைமையிடம் உமர்கோட்டிலிருந்து இங்கே மாறியது. பருத்தி வரத் தொடங்கியது. பஞ்சு அரைக்கும் ஆலைகள் வந்தன. தரகு மண்டிகள் வந்தன. 1932இல் சுக்கூர் அணை திறக்கப்பட்டு நாராவுக்கு ஆண்டு முழுதும் நீர் கிடைத்தபின், பாலையின் ஓரத்தில் கோதுமையும் கரும்பும் பருத்தியும் பழத்தோட்டங்களும் நிலைத்துவிட்டன.

புதிதாக நீர் பாய்ந்த தரிசு நிலங்கள் அரசுக்குச் சொந்தமானவை. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் வாய்ப்பு அரசுக்குத் தாராளமாக இருந்தது. கொஞ்சம் பஞ்சாபிலிருந்து அழைத்து வரப்பட்ட குடியேறிகளுக்குப் போனது. அவர்கள் உழைப்பாளிகள், கால்வாய்ப் பாசனம் அறிந்தவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். மிச்சத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்களிடமே சேர்ந்தது. அக்கால்வாய்களைத் தூர்வாரிய கைகளுக்கு அதன் கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. இது இரண்டாம் முறை.

இவ்விடத்தில் மாம்பழத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நமக்கும் அதில் ஒரு சிறு உறவு உண்டு. மீர்பூர் காஸின் புகழ் ‘சிந்திரி’ என்னும் மாம்பழத்தால் வந்தது. நீண்ட வடிவம், எலுமிச்சை மஞ்சள் நிறம், நாரில்லாத சதை, ஜூன் மாதத்தில் உச்சம். ஊரை அடுத்த சிந்திரி என்ற கிராமத்தின் பெயரே பழத்தின் பெயர். ஜுனேஜோ குடும்பத்தின் ஊர் அது. 1985 முதல் 1988 வரை பாகிஸ்தானின் பிரதமராயிருந்த முகம்மது கான் ஜுனேஜோ அங்கே பிறந்தவர். இந்த மாவின் மூலக் கன்றுகள் 1909இல் சென்னையிலிருந்து வந்தவை என்று அப்பகுதியினர் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சில கன்றுகள் சிந்திரிக்கு அனுப்பப்பட்டன என்றும், அங்கே அவை வேறொரு குணம் கொண்டு வளர்ந்தன என்றும் கதை செல்கிறது. நம் பக்கத்து எந்த ரகம் அங்கே போய்ச் சிந்திரியானது என்பதை மாம்பழ ஆர்வலர்கள் யோசித்துக்கொண்டிருக்கலாம். இன்று ஆண்டுதோறும் மீர்பூர் காஸில் மாம்பழக் கண்காட்சி நடக்கிறது. தோட்டக்காரர்கள் தத்தம் ரகங்களைத் தட்டுகளில் அடுக்கிப் பெயர் எழுதி வைக்கிறார்கள்.

தோட்டம் நடக்கும் விதம் வேறு. மரம் பூக்கும் காலத்திலோ பிஞ்சு பிடித்த பின்னோ மொத்தக் காய்ப்பையும் குத்தகைதாரர் ஒருவருக்கு விற்றுவிடுவது வழக்கம். காற்றடித்தால் நட்டம் அவருக்கு, விலை ஏறினால் இலாபமும் அவருக்கு. காவல், பறிப்பு, பெட்டியில் அடுக்குதல் எல்லாம் கூலியாட்கள் வேலை.

வயலின் கணக்குத்தான் ஹாரியின் கணக்கு. அதன் பெயர் பட்டாய். நம் வாரமுறைக்கு அண்ணன் தம்பி. நிலமும் நீரும் நிலக்கிழாருடையவை. அவரை ஜமீன்தார் என்றும், மரியாதையும் அச்சமும் கலந்து ‘வடேரோ’ என்றும் சொல்வார்கள். உழைப்பு ஹாரியுடையது, ஹாரி என்றால் அவர் மட்டுமல்ல, மனைவி, பிள்ளைகள், முதிய பெற்றோர் எல்லோரும். விளைச்சலில் சரிபாதி என்பது பேச்சு. விதை, உரம், மருந்து, டிராக்டர் வாடகை எல்லாவற்றையும் நிலக்கிழார் முன்கூட்டியே கடனாகத் தருவார். ஹாரியின் பங்குச் செலவு களத்தில் கழிக்கப்படும். அறுவடைக்கு முன் வீட்டில் மாவு தீர்ந்தால் அதற்கும் கடன். மகள் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் கடன். இதையெல்லாம் ஏட்டில் எழுதுகிறவர் ‘கம்தார்’, அதாவது நம் பண்ணைக் காரியக்காரரைப் போன்றவர். ஹாரிக்கு எழுத்து தெரியாது. ஏட்டின் நகல் அவரிடம் இருக்காது. பொலி அளந்து முடிந்ததும் கம்தார் ஒரு தொகையைச் சொல்வார். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் அது ஹாரி தர வேண்டிய பாக்கியாகவே இருப்பது உண்டு.

பாக்கி இருக்கும்வரை குடும்பம் நிலத்தை விட்டுப் போக முடியாது. வேறொரு நிலக்கிழார் அந்தக் கடனைச் செலுத்தினால் அவரிடம் போகலாம். அப்போது கடனும் கூடவே போகும். மனிதரை விலைக்கு வாங்கவில்லை, கடனை மட்டுமே வாங்கினோம் என்று சொல்லிக்கொள்ள இது ஒரு வசதி.

இதை எதிர்த்து எழுந்த முதல் அமைப்பு இதே ஊரில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1930இல் மீர்பூர் காஸில் கூடிய ஒரு மாநாட்டில்தான் சிந்து ஹாரி கமிட்டி தொடங்கப்பட்டது. ஜி.எம். சையத், கராச்சியின் ஜம்ஷெட் மேத்தா, எழுத்தாளர் ஜேத்மல் பர்ஸ்ராம் போன்றோர் முன்னின்றார்கள். ஒருவர் முஸ்லிம் நிலக்கிழார் வீட்டில் பிறந்தவர், ஒருவர் பார்சி, ஒருவர் இந்து. ஹாரி ஒருவரும் அந்த முன்வரிசையில் இல்லையே என்று கேட்பது நியாயமான கேள்விதான். கமிட்டி பல ஆண்டுகள் மனுக்கள் எழுதிக்கொண்டிருந்தது. துணை ஆட்சியர் பதவியைத் துறந்துவிட்டு ஹைதர் பக்ஷ் ஜதோயி 1940களில் வந்து சேர்ந்த பிறகே அது கிராமங்களுக்குள் நடந்து போனது. கவிஞர் அவர். பல முறை சிறை சென்றார். 1970இல் மறைந்த அவரைச் சிந்திகள் ‘பாபாயே சிந்து’, சிந்துவின் தந்தை, என்கிறார்கள்.

1947 ஜூன் மாதம் மீர்பூர் காஸுக்குத் தெற்கே ஜுடோ என்ற சிற்றூரில் ஹாரிகள் மாநாடு கூடியது. பாதிப் பங்கு உண்மையிலேயே பாதியாக இருக்க வேண்டும், பிடித்தங்கள் கூடாது என்பது கோரிக்கை. அப்பகுதியின் ஒரு பெரும்பண்ணையைச் சேர்ந்த ஹாரிகள், கணக்குத் தீரும்வரை தானியத்தை எடுக்க விடமாட்டோம் என்று சொல்லிக் களத்திலேயே கோதுமைப் பொலியைக் காத்து வந்தார்கள். ஆண்கள் மாநாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பண்ணை ஆட்கள் தானியத்தை அள்ள வந்தார்கள். களத்தில் இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும். மாயி பக்தாவர் என்ற மூதாட்டி பொலிக்கு முன் நின்று மறித்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தியா, பாகிஸ்தான் என்ற இரு நாடுகளின் எல்லை வரையப்பட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தில்லியிலும் கராச்சியிலும் பேசப்பட்ட சுதந்திரத்திற்கு இரண்டு மாதமே இருந்தது. பக்தாவர் மறித்து நின்றது ஒரு குவியல் கோதுமைக்காக.

ஹாரிகளின் நிலையை ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் சர் ரோஜர் தாமஸ். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வேளாண் நிபுணர், சிந்துவிலேயே பெரும்பண்ணை நடத்தியவர். வாரக்குடிகளின் குறையைக் கேட்கப் பண்ணையார் ஒருவரே தலைமை தாங்கினார் என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். 1948இல் வந்த பெரும்பான்மை அறிக்கை, சில சீர்திருத்தங்களுடன் நிலக்கிழமை முறை தொடரலாம் என்றது. குழுவில் இருந்த இளம் ஐ.சி.எஸ். அதிகாரி முகம்மது மசூத் அதில் கையெழுத்திட மறுத்துத் தனிக்குறிப்பு எழுதினார். ஹாரி எதற்கெல்லாம் அஞ்சி வாழ்கிறார் என்பதை அவர் ஒளிவுமறைவின்றி விவரித்தார்: வெளியேற்றம், பொய் வழக்கு, சிறை, வீட்டுப் பெண்களுக்கு நேரக்கூடிய அவமதிப்பு. உழுகிறவருக்கே நிலம் என்பதுதான் தீர்வு என்றும் எழுதினார். அரசு அறிக்கையை வெளியிட்டது, குறிப்பை வெளியிடவில்லை. பத்திரிகைகளும் மக்களும் எழுப்பிய கூச்சலுக்குப் பிறகே அது அச்சேறியது. ஓர் அரசு ஊழியர் எழுதிய கோப்புக் குறிப்பு மக்கள் கேட்டு வாங்கிப் படிக்கும் நூலாக மாறியது அபூர்வமான நிகழ்வு.

இதற்கிடையே மூன்றாம் முறைக்கான வாய்ப்பு வந்து போய்விட்டது. பிரிவினைக்கு முன் மீர்பூர் காஸின் வணிகமும் வட்டித் தொழிலும் பெரும்பாலும் இந்துக்கள் கையில் இருந்தன. அடமானம் வழியாக நல்ல நிலங்கள் பலவும் அவர்களிடம் சேர்ந்திருந்தன. 1948 ஜனவரியில் கராச்சியில் கலவரம் வெடித்தபின் சிந்துவின் இந்துக்கள் வெளியேறும் வேகம் கூடியது. கப்பலேற முடிந்தவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் போனார்கள். மற்றவர்களுக்கு மீர்பூர் காஸ் வழியாகக் கோக்ராபார், அங்கிருந்து மணலைக் கடந்து முனாபாவ், பிறகு ஜோத்பூர். அதே பாதையில் எதிர்த்திசையில் ராஜஸ்தானத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் வந்து இறங்கின. ஷேகாவாட்டியின் காயம்கானிகள் பெருமளவில் இங்கே குடியேறினார்கள். பூட்டிய வீடுகளும் விட்டுச்சென்ற வயல்களும் எஞ்சின. அவற்றை உழுதுகொண்டிருந்த ஹாரிகளுக்கே கொடுங்கள் என்றது ஹாரி கமிட்டி. அவை இந்தியாவில் நிலம் இழந்தோருக்கு ஈடாக ஒதுக்கப்பட்டன. வந்தவர்களும் வீடிழந்த மனிதர்களே. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும், அங்கே விட்டுவந்த நிலத்திற்குக் காகிதம் காட்ட முடிந்தவருக்கு இங்கே நிலம் கிடைத்தது. காலங்காலமாக இங்கேயே உழுதவரிடம் காட்டுவதற்குக் காகிதம் ஏதுமில்லை. அவரது சாட்சியெல்லாம் கம்தாரின் ஏட்டில் இருக்கும் கடன் மட்டுமே.

1950இல் ஹாரிகள் கராச்சிக்குத் திரண்டு சென்று சட்டமன்றத்தைச் சூழ்ந்துகொண்டபின் சிந்து குத்தகைச் சட்டம் நிறைவேறியது. ஒரே நிலக்கிழாரிடம் குறைந்தது நான்கு ஏக்கரை மூன்று ஆண்டு தொடர்ந்து உழுத ஹாரிக்கு நிலையான உரிமை என்றது சட்டம். மூன்றாம் ஆண்டு முடியுமுன் ஹாரியை வேறு துண்டுக்கு மாற்றிவிடுவது அதற்கு எளிய மாற்று மருந்தாயிற்று. 1959இல் அயூப் கான் பாசன நிலத்திற்கு 500 ஏக்கர் உச்சவரம்பு வைத்தார்; 1972இல் பூட்டோ அதை 150 ஆகக் குறைத்தார். நிலங்கள் மகன், மருமகன், பேரன் பெயர்களுக்குப் பிரிந்தன. ஒரே வீட்டில் பத்துச் சிட்டா இருந்தால் உச்சவரம்பு என்ன செய்யும்? பிறகு 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஷரியத் அமர்வு இத்தகைய கட்டாய நிலப்பறிப்பு இஸ்லாத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்ததோடு அந்த அத்தியாயமும் மூடியது. நான்காம் முறை.

இன்று ஊர் பெருத்துவிட்டது. 2017 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. கடைவீதியில் உருதுவும் சிந்தியும் மார்வாரியும் கலந்து ஒலிக்கும். உரக்கடை, பூச்சிமருந்துக் கடை, பம்பு செட் பழுதுபார்ப்பவர், பஞ்சு ஆலை, சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராலிகள் என்று எல்லாமே வயலை நம்பியவை. உரத்தைக் கடனுக்கு வாங்கினால் ஒரு விலை, கையில் காசு கொடுத்தால் வேறு விலை. நிலக்கிழாரின் கிராமத்து வீட்டை ஒட்டி ‘ஓத்தாக்’ என்னும் ஆண்களின் கூடம் இருக்கும். கயிற்றுக் கட்டில்கள், தேநீர், அஜ்ரக் துணி போர்த்திய விருந்தினர். வழக்குகள் அங்கேதான் பேசப்படும், வாக்குகளும் அங்கேதான்.

ஹாரிகளில் பெருந்தொகையினர் கோல்ஹி, பீல், மேக்வார் சமூகங்களைச் சேர்ந்த இந்துக்கள். 1947இல் வசதி படைத்த இந்துக்கள் போய்விட்டார்கள். போக வழியற்றவர்களும் போக எண்ணாதவர்களும் நிலத்தோடு தங்கிவிட்டார்கள். பிரிவினையை நாம் மதத்தின் கதையாக மட்டும் படித்து வருகிறோம். மீர்பூர் காஸில் அது யாரிடம் பயணச் செலவு இருந்தது என்பதன் கதையும்கூட. தார்ப் பாலையில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் இவர்களுடைய உறவினர்கள் ஆடுமாடுகளுடன் வந்து சேர்வார்கள். மார்ச், ஏப்ரல் மாதக் கோதுமை அறுவடைக்குக் கூலியாகத் தானியம் பெற்றுக்கொண்டு, மழை வந்ததும் திரும்பிவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ராமா பீரின் திருவிழாவுக்குப் பக்கத்து ஊரான தண்டோ அல்லாயாருக்குக் கொடிகளை ஏந்திக் கால்நடையாகவே கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

அதே பருவத்தில் பருத்தியும் வெடிக்கத் தொடங்கும். பஞ்சு எடுப்பது முழுக்கப் பெண்கள் வேலை. மணிக்கட்டிலிருந்து தோள்வரை அடுக்கிய வெள்ளை வளையல்களோடு, இடுப்பில் கட்டிய துணியில் பஞ்சைச் சேர்த்துக்கொண்டு, விடியலில் வயலுக்குள் இறங்குவார்கள். வெடித்த காயின் ஓடு முள்போலக் கூர்மையானது, விரல்கள் கிழியும். மருந்தடித்த செடியின் நஞ்சு அந்தக் கீறல்கள் வழியே இறங்கும். கூலி மணுக்கணக்கில், ஒரு மணு நாற்பது கிலோ. தராசு பிடிக்கிறவர் பண்ணையைச் சேர்ந்தவர். 2019இல் சிந்து அரசு வேளாண் பெண் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. எழுத்துவழி ஒப்பந்தம், குறைந்தபட்சக் கூலி, பேறுகால விடுப்பு எல்லாம் அதில் உண்டு. சட்டமாக அது நல்ல சட்டம்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1992லேயே வந்துவிட்டது. அதன் பின்னும் தொண்ணூறுகள் முழுவதும் மீர்பூர் காஸ், உமர்கோட், சாங்கர் வட்டாரங்களின் பண்ணைகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஹாரிகள் மீட்கப்பட்டார்கள். சிலர் நிலக்கிழார்களின் தனிச்சிறைகளில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். மீட்கப்பட்டவர்கள் ஹைதராபாத்தைச் சுற்றிலும் கூடாரக் குடியிருப்புகளில் தங்கினார்கள். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு அப்படி அடைபட்டிருந்த கிருஷ்ண குமாரி கோல்ஹி, 2018இல் பாகிஸ்தான் மேலவை உறுப்பினரானார்.

நீர் கொடுத்த நிலத்தை நீரே திரும்பக் கேட்பதும் நடக்கிறது. ஆண்டு முழுதும் பாய்ந்த கால்வாய் நீர் நிலத்தடியில் ஊறி மேலேறி, வயல்களில் உப்புப் பூத்தது. அந்த நீரை வடித்துக் கடலுக்கு அனுப்ப உலக வங்கி முதலியோரின் கடனில் இடதுகரை வடிகால் வெட்டப்பட்டது. பழைய காலத்தில் இந்த வடிகால் வேலையைப் பூரான் என்ற இயற்கையான தடம் செய்துவந்தது. நாராவின் கீழ்ப்பகுதியான அது கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே உள்ள உப்புவெளியில் போய்ச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கல்ஹோராக்கள் அதன் குறுக்கே அணையிட்டார்கள். 1819 நிலநடுக்கம் ‘அல்லா பந்த்’ என்னும் மேட்டை எழுப்பி மறித்தது. மிச்சத்தை நம் காலத்துச் சாலைகளும் படுகைக்குள் எழுந்த பண்ணைகளும் அடைத்தன. 2011இலும் 2022இலும் பெருமழை பெய்தபோது நீர் போக வழியில்லாமல் ஜுடோவையும் சுற்றுக் கிராமங்களையும் சூழ்ந்து நாள்கணக்கில் நின்றது. எந்தக் கரையை வெட்டி யார் வயலில் நீரை விடுவது என்பதில் செல்வாக்குள்ளவர்களின் நிலம் தப்பியது என்ற குற்றச்சாட்டு இரு முறையும் எழுந்தது. ஹாரிகள் ரல்லி மெத்தைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு சாலை மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். பருத்தி அழுகிவிட்டது. அந்தப் பருத்திக்காக வாங்கிய விதைக்கும் உரத்துக்குமான கடன், கம்தாரின் ஏட்டில் நனையாமல் இருந்தது.